தொட்டித் தண்ணீரை அளப்பதா, கட்டுரையைத் திருத்துவதா?

சென்ற தை மாதம் நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே ஒரு தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் மாதிரி எடுக்கப் போயிருந்தோம். மாணவிகள் பாட்டில்களில் எண் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தொட்டித் திண்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் என்னிடம் கேட்டார்: "ஏனுங்க அம்மணி, நானும் இருபது வருடமாகப் பார்க்கிறேன், ஒவ்வொரு காலேஜிலிருந்தும் வந்து தண்ணீர் மொண்டுகொண்டு போகிறீர்கள். இந்தத் தண்ணீரில் மீன் விட்டால் பிழைக்குமா, பிழைக்காதா? அதை ஒருத்தரும் சொல்ல மாட்டேன் என்கிறீர்களே?"

நான் விலங்கியல் ஆசிரியை. நஞ்சுகள் நீர்வாழ் உயிர்களை என்ன செய்கின்றன என்பதைப் பார்க்கும் சூழல் நச்சியல்தான் என் துறை. அவர் கேட்டதற்கு அந்த இடத்தில் பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல முடியவில்லை. ஊர் திரும்பியதும் நொய்யலைப் பற்றிக் கையில் இருந்த கட்டுரைகளை, எங்கள் துறையில் எழுதியவை உட்பட, மேசையில் பரப்பி உட்கார்ந்தேன். ஒன்றில் ரோகு குஞ்சு, மற்றொன்றில் ஜிலேபி மீன். ஒன்றில் சாயத்தைத் தராசில் நிறுத்த அளவு மட்டும் இருக்கிறது. தண்ணீரில் எவ்வளவு கரைந்து நின்றது என்பது இல்லை. இன்னொன்றில் நஞ்சு கலக்காத தொட்டியில் எத்தனை மீன் செத்தது என்ற வரியே இல்லை. எல்லாம் அச்சேறியவை. இரண்டை இணைத்து ஒரு முடிவுக்கு வர முயன்றால் கைக்கு ஒன்றும் சிக்கவில்லை.

நொய்யலின் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவைக் குளங்களை நிரப்பி, சூலூர், திருப்பூர் தாண்டி, கரூர் மாவட்டத்தில் தன் பெயர் கொண்ட ஊரிலேயே காவிரியில் சேரும் ஆறு. பாசனத்துக்காக 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவுத் தேக்கமாக மாறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அந்த ஆண்டுகள் முழுவதும் விவசாயிகளின் வாயிலும் அதிகாரிகளின் வாயிலும் புழங்கியது ஒரே ஒரு எண்தான்: டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் மொத்த அளவு. லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்பது வரம்பு. மீட்டரை யார் தண்ணீரில் வைத்தாலும் ஏறக்குறைய அதே எண் வரும். அதனால்தான் அந்த எண்ணுக்கு மரியாதை. எங்கள் மீன் ஆய்வுகளுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை என்றால் குறை எங்களிடம் இருக்கிறது.

இந்தக் கல்வியாண்டில் ஆராய்ச்சித் தரத்துக்கென்று எங்கள் துறைக்கு 1,80,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். நான்கு ஆசிரியர்கள், ஒன்பது ஆய்வு மாணவர்கள். தொகையை எதில் போடுவது என்று கூடிப் பேசியபோது ஐந்து யோசனைகள் மேசைக்கு வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒருவர் உறுதியாக வாதாடினார். அவற்றை நான் எடைபோட்ட விதத்தை இங்கே எழுதுகிறேன். ஈரோடு, நாமக்கல், பொள்ளாச்சி பக்கத்துக் கல்லூரிகளிலும் இதே கேள்வி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நல்ல இதழாகப் பார்த்து அனுப்புவது

இதை நீட்ட வேண்டியதில்லை. பணத்தை வெளியீட்டுக் கட்டணமாகச் செலவழித்து மதிப்புள்ள இதழ்களில் போடலாம் என்பது யோசனை. சில இதழ்களில் ஒரே கட்டுரைக்கான கட்டணம் எங்கள் முழுத் தொகையையும் விழுங்கிவிடும். அதைவிட முக்கியமானது, மதிப்பாய்வாளர் எங்கோ உட்கார்ந்து கட்டுரையைத்தான் படிக்கிறார். எங்கள் தொட்டியை அவர் பார்ப்பதில்லை. எழுதாமல் விட்டதை அவரால் கேட்க முடியும். செய்யாமல் விட்டதைச் செய்ய வைக்க அவரால் முடியாது, மீன்கள் அதற்குள் செத்துப் புதைந்திருக்கும்.

ஆனாலும் இந்த யோசனைக்குப் பின்னால் ஒரு நியாயமான கவலை உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2016 விதிகளின்படி முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளிவந்திருக்க வேண்டும் என்று இருந்தது. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் அந்தக் கட்டாயத்தில் கொழுத்தன. 2022 விதிகளில் அந்தக் கட்டாயம் நீங்கியது. நல்ல இதழ்களை அடையாளம் காட்ட யு.ஜி.சி. வைத்திருந்த கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இனி எது நல்ல இதழ் என்று துறைகள்தான் தீர்மானிக்க வேண்டும். அதற்குப் பணம் தேவையில்லை, ஒரு பிற்பகல் உட்கார்ந்து பேசினால் போதும்.

சரிபார்ப்புப் பட்டியல்

இரண்டாவது யோசனை எங்கள் மூத்த ஆசிரியருடையது: கட்டுரை அனுப்பும் முன் ஒவ்வொருவரும் ஒரு பட்டியலை நிரப்ப வேண்டும். செலவில்லாத வழி. உலகில் இதற்கு நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. 1997இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனத்திலிருந்து கிளிமிஷும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு முறையை வெளியிட்டார்கள். அதன்படி ஆய்வுகள் நான்கு வகை: தடையின்றி நம்பலாம், சில வரம்புகளோடு நம்பலாம், நம்ப முடியாது, தீர்மானிக்கப் போதிய விவரம் இல்லை. அதன் பிறகு 2016இல் வந்த கிரெட் என்ற முறை இன்னும் நுணுக்கமானது. ஆய்வை நம்பலாமா என்பதற்கு 20 கேள்விகள், கையில் இருக்கும் பிரச்சினைக்கு அது பொருந்துமா என்பதற்கு 13 கேள்விகள். நம்பகத்தையும் பொருத்தத்தையும் தனித்தனியாகப் பிரித்ததுதான் அதன் அருமை. மிகத் துல்லியமாகச் செய்த ஆய்வாக இருந்தாலும் குளிர்நாட்டு மீனில் செய்தது என்றால் ஒரத்துப்பாளையத்துக்கு அது அரைப் பதில்தான்.

கூட்டத்துக்கு முந்தைய இரவு 2009இல் நானே எழுதிய கட்டுரை ஒன்றை எடுத்து அந்த 20 கேள்விகளையும் போட்டுப் பார்த்தேன். மயில்துத்தம் (தாமிர சல்பேட்) ரோகு குஞ்சுகளைக் கொல்லும் அளவு பற்றிய கட்டுரை அது. முதல் சுற்றை ஐப்பசியில் செய்தோம், குழாயில் வந்த சிறுவாணித் தண்ணீரில். இரண்டாம் சுற்று சித்திரையில். அப்போது குழாயில் தண்ணீர் இல்லை, கல்லூரி ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எடுத்தோம். ஐப்பசியில் பாதிக் குஞ்சுகள் செத்த அளவைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் போட்டால்தான் சித்திரையில் பாதி செத்தன. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து அச்சுக்கு அனுப்பினோம்.

மீன்கள் மாறவில்லை, தண்ணீர்தான் மாறியிருந்தது. சிறுவாணித் தண்ணீர் மென்னீர். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளைப் படலம் கட்டும் கடின நீர். கடின நீரில் இருக்கும் கால்சியம், செவுளில் தாமிரம் ஒட்ட வேண்டிய இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறது. நீரின் காரத்தன்மை தாமிரத்தின் ஒரு பகுதியைக் கட்டிப்போடுகிறது. இது அப்போதே புத்தகங்களில் இருந்த அறிவு. இரண்டு எண்களையும் தனித்தனியாக, தண்ணீரின் கடினத்தன்மையோடு வெளியிட்டிருந்தால் அது கொங்கு நாட்டுக்கே உதவும் செய்தியாக இருந்திருக்கும். மலையடிவாரத்துக் குளத்தில் ஆபத்தான தாமிர அளவு, சமவெளிக் கிணற்றில் அவ்வளவு ஆபத்தில்லை என்று சொல்லியிருக்கும். நாங்கள் வெளியிட்ட சராசரி எந்தத் தண்ணீருக்கும் பொருந்தாது.

கிரெட் கேள்விகளில் கடினத்தன்மை, பி.எச்., கரிமப் பொருள் பற்றிய இடம் வந்தபோது என்னால் எதையும் நிரப்ப முடியவில்லை. பழைய நோட்டுகளைத் தேடினேன். எழுதியிருந்தால்தானே இருக்கும். பட்டியலின் பலவீனம் அங்கேதான் எனக்குப் புலப்பட்டது. கட்டுரை எழுதும் நாளில் கையில் எடுத்தால் அது குற்றப்பட்டியல். மீன் வாங்கப் போகும் முன் எடுத்தால்தான் வேலைப்பட்டியல். ஆகவே பட்டியல் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை, எந்த நாளில் என்பதில்தான் மூத்தவரோடு எனக்குக் கருத்து வேறுபாடு.

திட்டத்தை முதலில் எழுதி வைப்பது

மூன்றாவது யோசனை எங்கள் துறையின் இளைய ஆசிரியருடையது. சோதனை தொடங்கும் முன்பே கேள்வி என்ன, எத்தனை தொட்டி, எந்த அளவுகள், எதை அளப்போம், எந்தக் கணக்குப் போடுவோம் என்று எழுதித் தேதியிட்டு வெளியில் பதிவுசெய்துவிட வேண்டும். 2013இல் கார்டெக்ஸ் என்ற நரம்பியல் இதழ் இதையே ஒரு கட்டுரை வகையாக ஏற்றுக்கொண்டது: திட்டத்தைப் பார்த்து இதழ் சம்மதித்துவிட்டால், முடிவு எப்படி வந்தாலும் அச்சிடும். அதன்பின் பல துறைகளுக்கு இது பரவியிருக்கிறது.

எங்கள் துறைக்கு இது ஏன் தேவை என்பதற்குச் செவுள் ஆய்வே சாட்சி. ஒரு மாணவர் என்சைம்கள் ஆறு, ரத்த அளவுகள் ஐந்து, செவுள், கல்லீரல், சிறுநீரகம் என்று இருபது விஷயங்களை அளப்பார். இருபதில் ஒன்றாவது தற்செயலாகவே மாறித் தெரிய வாய்ப்பு அதிகம். அந்த ஒன்று தலைப்பில் ஏறும், மற்றவை அலமாரியில் தூங்கும். முதலில் எழுதி வைத்தால் இந்த ஆசை கட்டுக்குள் வரும். மாற்றம் எதுவும் இல்லை என்று வந்த ஆய்வும் வெளியில் தலைகாட்டும். பாதிப்பு இல்லை என்பதும் செய்திதான்; இல்லாத பயத்தில் கிணற்றை மூடிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. இரண்டும் திட்டம் எழுதும் நாளில் மட்டுமே திருத்தக்கூடியவை.

ஒன்று, தொட்டி எண்ணிக்கை. ஒரு தொட்டியில் பத்து மீன் விட்டுப் பத்து சோதனை செய்ததாகக் கணக்குப் போடுவது நம்மிடையே சகஜம். அந்தத் தொட்டியின் காற்றுக் குழாய் அடைத்துக்கொண்டால் பத்தும் சேர்ந்து சாகும். அப்படியானால் அது ஒரே ஒரு சோதனை. சூழலியலாளர் ஹர்ல்பர்ட் 1984இல் போலி மறுசோதனை என்று இதை விளக்கி எழுதினார், நாற்பது ஆண்டு கடந்துவிட்டது. இன்றும் ஆய்வேடுகளைத் திருத்தும்போது மூன்றில் ஒன்றிலாவது இதை அடித்து எழுதுகிறேன்.

மற்றொன்று, பாதிப்பு தென்படாத உச்ச அளவு என்று நாம் எழுதும் எண். கட்டுப்பாட்டுத் தொட்டியிலிருந்து, அதாவது நஞ்சு கலக்காத தொட்டியிலிருந்து, வேறுபாடு தெரியாத மிக அதிக அளவுதான் அது. மீன் குறைவாக, தொட்டி குறைவாக, அளவீடு கரடுமுரடாக இருந்தால் வேறுபாடு தெரியாது. அப்போது இந்த எண் மேலே போகும். அதாவது ஆய்வு எவ்வளவு மோசமோ அவ்வளவுக்கு நஞ்சு பாதுகாப்பானதாகத் தெரியும். இந்த எண்ணைக் கைவிட்டு, பத்து சதவீதப் பாதிப்பு எந்த அளவில் வருகிறது என்று வளைகோட்டிலிருந்து கணிக்கச் சொல்லி நெடுநாளாகக் குரல்கள் எழுகின்றன. அதற்கு அளவுகளைத் தேர்ந்தெடுக்கும் முறையே மாற வேண்டும். சோதனை முடிந்த பிறகு மாற்ற முடியாது.

இந்த வழியில் குறை இல்லாமல் இல்லை. எங்கள் ஆய்வுகளில் பாதி ஆற்றங்கரையில் நடப்பவை. மழை பெய்தால் திட்டம் கலையும், அணை திறந்தால் இடமே மாறும். முனைவர் பட்ட மாணவருக்கு இதழின் சம்மதத்துக்காக ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வது கொடுமை. இதழ் வரைக்கும் போகாமல், தேதியிட்ட இரண்டு பக்கத்தைத் துறைத் தலைவரிடம் கொடுத்து ஒரு இணையக் களஞ்சியத்திலும் ஏற்றிவிடுவது எங்களுக்குத் தாங்கும். மாற்றினால் மாற்றிய தேதியும் காரணமும் அதிலேயே இருக்கட்டும்.

அளப்பது

நான்காவது யோசனை என்னுடையது. தொட்டியில் உண்மையில் எவ்வளவு நஞ்சு இருந்தது என்று வேதியியல் முறையில் அளக்க வேண்டும், பணம் முழுவதும் அதற்கே போக வேண்டும் என்றேன்.

கொங்கு நாட்டில் காய்கறிக்கும் பருத்திக்கும் அடிக்கும் சைபர்மெத்ரினை எடுத்துக்கொள்வோம். தண்ணீரில் நிற்கவே விரும்பாத மருந்து அது. கண்ணாடிச் சுவரில் ஒட்டும், காற்றுக் குழாயில் ஒட்டும், மீன் கழிவிலும் தீவனத் துணுக்கிலும் ஏறிக்கொள்ளும். காலையில் நாம் ஊற்றிய அளவு மாலையில் தண்ணீரில் இருக்காது. ஆனால் கட்டுரையில் எழுதுவது காலையில் ஊற்றிய அளவை. மீன் உண்மையில் அதைவிடக் குறைந்த அளவில்தான் செத்திருக்கும். ஆகவே அச்சாகும் எண், மருந்து இருப்பதைவிடச் சாது என்று காட்டும். பாதிப்பு தென்படாத அளவில் பார்த்தோமே, அதே திசையில்தான் இந்தப் பிழையும் சாய்கிறது. அரைகுறை ஆய்வு பெரும்பாலும் நஞ்சின் பக்கம் நின்று சாட்சி சொல்கிறது. கூட்டத்தில் என் குரல் உயர்ந்தது இந்த இடத்தில்தான், அதற்காக நான் வருந்தவில்லை.

மீன் சோதனைக்கான ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான நாடுகளின் அமைப்பு) 203ஆம் நெறிமுறை இதைத் தெளிவாகவே சொல்கிறது: 96 மணி நேரச் சோதனையில் நஞ்சின் அளவு குறித்த அளவிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் விலகினால், அளந்த எண்ணை வைத்தே முடிவு எழுத வேண்டும். கட்டுப்பாட்டுத் தொட்டியில் பத்து சதவீதத்துக்கு மேல் மீன் சாகக்கூடாது என்றும் சொல்கிறது. நெறிமுறையின் பெயரைக் கட்டுரையில் குறிப்பிட்டுவிட்டு இந்த இரண்டையும் விட்டுவிடுபவர்கள் நம்மில் பலர்.

திருப்பூர்த் தண்ணீரில் அளப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு ஏராளமாகச் சேர்க்கிறார்கள். சாயக்கழிவில் நிறம் கண்ணில் படுகிறது, உப்பு படுவதில்லை. நன்னீரில் வாழும் சிறு ஓட்டுடலியான டாஃப்னியாவை அந்தக் கழிவில் விட்டால் சாகிறது. சாயத்தின் நச்சுத்தன்மை என்று கட்டுரை வருகிறது. கொன்றது சாயமா, உப்பா? நன்னீர் உயிருக்கு உப்பு மட்டுமே போதும், சாவதற்கு. இதைப் பிரித்துச் சொல்ல ஒரே வழி, கழிவின் உப்புகளை அயனி வாரியாக அளந்து, அதே கலவையைச் சாயமில்லாமல் இன்னொரு தொட்டியில் கரைத்து, அதையும் கட்டுப்பாடாக வைப்பதுதான். நொய்யல் பற்றி என் மேசையில் பரப்பிய கட்டுரைகளில் இந்த உப்புத் தொட்டி இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. இப்போது பட்டறைகளில் நிறம் நீக்கப்படுகிறது, பழைய உப்பு நிலத்தடியில் கிடக்கிறது. உப்பையும் சாயத்தையும் பிரிக்காமல் இன்றைய கிணற்றைப் பற்றி எதுவும் பேச முடியாது.

அளப்பது என்ன சாதிக்கும் என்பதற்கு நம் வீட்டு வாசலிலேயே எடுத்துக்காட்டு உண்டு. சத்தியமங்கலத்துக்கு மேலே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் பாறுக் கழுகுகள் பறக்கின்றன. தெற்காசியா முழுவதும் அவை கூட்டம் கூட்டமாகச் செத்தபோது நோய்க்கிருமி, பூச்சிக்கொல்லி என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். 2004இல் ஓக்ஸ் குழுவினர் பாகிஸ்தானில் செய்த ஆய்வு வெளியானது. சிறுநீரகம் பழுதாகி இறந்த 25 பறவைகளின் உடலிலும் கால்நடைகளுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் வலிநிவாரணி இருந்தது. வேறு காரணங்களால் இறந்த 13 பறவைகளில் ஒன்றில்கூட இல்லை. அதோடு நிற்காமல், வளர்ப்பில் இருந்த கழுகுகளுக்கு அந்த மருந்தையும், மருந்து கொடுத்த கால்நடையின் இறைச்சியையும் கொடுத்துப் பார்த்தார்கள். அதே சிறுநீரகப் பழுது வந்தது. இரண்டே ஆண்டில், 2006இல், கால்நடைகளுக்கு அந்த மருந்தை இந்தியா தடைசெய்தது. பறவையின் உடலில் மருந்தை அளக்காமல், செத்த கழுகுகளின் எண்ணிக்கையை மட்டும் இன்னும் இருபது கட்டுரைகளில் எழுதியிருந்தால் அது நடந்திருக்காது.

இனி செலவு. ஐந்து அளவுகள், ஒரு கட்டுப்பாடு, ஒவ்வொன்றுக்கும் மூன்று தொட்டி: மொத்தம் 18 தொட்டி. தினமும் தண்ணீர் மாற்றி, மாற்றும் முன்னும் பின்னும் எல்லாத் தொட்டியிலும் அளந்தால் நான்கு நாளில் 144 மாதிரிகள். எங்களால் ஆகாது. ஒவ்வொரு அளவுக்கும் மூன்று தொட்டித் தண்ணீரைக் கலந்து, முதல் நாளும் கடைசி நாளும் மட்டும் புதியதையும் பழையதையும் எடுத்தால் 24. பூச்சிக்கொல்லிக்கு ஒரு மாதிரிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. அப்படி ஒரே சோதனைக்கு எங்கள் தொகையில் ஏறக்குறைய பாதி போய்விடும். தாமிரம், துத்தநாகம் போன்ற உலோகங்களுக்குச் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். கடினத்தன்மையும் காரத்தன்மையும் நம் மாணவர்களே டைட்ரேஷனில் பார்க்கலாம், இளநிலை வேதியியல் பாடம்தான் அது. பி.எச்., டி.டி.எஸ்., கரைந்த ஆக்சிஜன் மீட்டர்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைச் சரிபார்க்கும் கரைசல் வாங்கி இரண்டு ஆண்டு ஆகிறது என்பதைக் கூட்டத்தில்தான் கண்டுபிடித்தோம்.

கோவையில் இதற்கு வசதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சிக்கொல்லி எச்சம் அளக்கும் ஆய்வகம் இருக்கிறது. ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் மையத்தில் பறவைகளின் உடலில் நஞ்சு எச்சங்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். முப்பது கிலோமீட்டருக்குள் கருவிகள் இருக்கும்போது நாம் தராசோடு நின்றுகொண்டிருந்தோம்.

சான்று பெற்ற ஆய்வகத்திடம் ஒப்படைப்பது

ஐந்தாவது யோசனை, சோதனையையே ஜி.எல்.பி. (நல்ல ஆய்வக நடைமுறை) சான்று பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பிவிடலாம் என்பது. 2011 முதல் இந்தியாவின் ஜி.எல்.பி. தரவுகளை ஓ.இ.சி.டி. நாடுகள் ஏற்கின்றன. மருந்துகளைப் பதிவுசெய்யும் நிறுவனங்களுக்கு அது சரியான வழி. எங்களுக்கு இல்லை. ஒரு சோதனைக்கே பணம் பற்றாது, மாணவர் கையில் வேலை எதுவும் படியாது. ஒவ்வொரு குறிப்பும் எழுதப்பட்டிருக்கும் என்பதற்குத்தான் அந்தச் சான்று உறுதி தருகிறது, சரியான கேள்வியைக் கேட்டோம் என்பதற்கு இல்லை. கிளிமிஷ் முறை இந்தச் சான்றுக்கே அதிக மதிப்பெண் கொடுக்கிறது என்று எழுந்த விமர்சனம் நியாயமானது என்றே நினைக்கிறேன். அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: பென்சிலில் எழுதாமை, அடித்தால் கையெழுத்துப் போடுவது.

முடிவு

மேசைக்கு வராத இரண்டு சிறு விஷயங்களையும் சேர்த்துக்கொண்டோம். ஒன்றை எங்கள் ஆய்வக உதவியாளர் சொன்னார். செவுள் ஸ்லைடுகளைப் பார்க்கும் மாணவருக்கு எது நஞ்சுத் தொட்டி, எது கட்டுப்பாடு என்று தெரியக்கூடாது, நானே எண் ஒட்டித் தருகிறேன் என்றார். பதினைந்து ஆண்டாக ஸ்லைடு எடுத்துக் கொடுப்பவர். யார் எதைத் தேடிப் பார்க்கிறார்கள் என்பது அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். மற்றொன்று மூலத் தரவு. 2016இல் சயன்ஸ் இதழில் வந்த ஒரு ஸ்வீடன் நாட்டு ஆய்வு, பிளாஸ்டிக் துகள்கள் மீன் குஞ்சுகளைக் கெடுக்கின்றன என்று உலகெங்கும் செய்தியானது. மூலத் தரவைக் கேட்டபோது, அது இருந்த மடிக்கணினி திருடுபோய்விட்டது என்றார்கள். 2017இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. எங்கள் தொட்டி நோட்டுகளை ஒவ்வொரு வாரமும் படம் எடுத்துக் களஞ்சியத்தில் ஏற்றுவதற்குக் கைபேசி போதும்.

ஆக, பணத்தில் பெரும்பகுதி அளவீட்டுக்கு. இந்த ஆண்டு பூச்சிக்கொல்லிச் சோதனை ஒன்றே ஒன்று. மற்றவை உலோகமும் உப்பும். கிரெட் கேள்விகளைத் தமிழில் எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம், மீன் வாங்கும் முன் நிரப்புவதற்கு. இரண்டு பக்கத் திட்டம் இல்லாமல் யாருக்கும் தொட்டி கிடைக்காது. வெளியீட்டுக் கட்டணத்துக்கு ஒரு ரூபாய் இல்லை.

இதற்கு விலை உண்டு. சென்ற ஆண்டு எங்கள் துறையிலிருந்து பதினொரு கட்டுரைகள் வந்தன. இந்த முறையில் நான்கு வந்தால் அதிகம். பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் இளைய ஆசிரியர் இதைக் கேட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். அவர் கவலை உண்மையானது. எண்ணிக்கை பார்க்கும் படிவங்கள் இன்னும் மாறவில்லை. அவருடைய பழைய தரவுகளில் கடினத்தன்மை பதிவான மூன்று சோதனைகள் இருக்கின்றன. அவற்றை முதலில் முழுமையாக்கி அவர் பெயரில் அனுப்புவது என்று ஒப்புக்கொண்டோம். அது போதுமா என்று எனக்கு உறுதியில்லை. பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவில் இதை எழுப்பப் போகிறேன்.

ஆடியில் முதல் சோதனை. பவானிசாகர் மீன் பண்ணையிலிருந்து ஒரே ஈட்டு ரோகு குஞ்சுகள். மூன்று தொட்டியில் அந்தப் பெரியவரின் கிணற்றுத் தண்ணீர், எதுவும் கலக்காமல். மூன்றில் அதே அயனிகளை அதே அளவில் கரைத்த தண்ணீர். மூன்றில் எங்கள் வழக்கமான தண்ணீர். தொழிற்சாலைக் கழிவுக்கு இந்திய விதி வைத்திருக்கும் அளவுகோலையே எடுத்துக்கொண்டோம்: கலப்பில்லாத கழிவுநீரில் 96 மணி நேரம் கழித்து நூற்றுக்குத் தொண்ணூறு மீன் உயிரோடு இருக்க வேண்டும். திட்டம் இரண்டு பக்கம், சென்ற வெள்ளிக்கிழமை தேதியிட்டுக் களஞ்சியத்தில் ஏறிவிட்டது. ஐந்தாம் நாள் காலையில் எண்ணிவிட்டு, என்ன வந்தாலும் ஒரு காகிதத்தில் தமிழில் எழுதி, அவர் தோட்டத்துக்கு நானே கொண்டுபோகிறேன்.